நங்கையர்க்கும் ஒரு திடல் வேண்டும்



நங்கை நல்லூர் என்பதே நாளடைவில் நங்கநல்லூர் ஆயிற்று என்று இவ்வூர்ப் பெரியோர் சொல்வதுண்டு. பெயர்க்காரணம் எதுவாயினும் ஆகுக. நங்கையரின் பெயரைத் தாங்கியதாகச் சொல்லப்படும் இவ்வூரில், மாலை ஐந்து மணிக்குமேல் ஏதேனும் ஒரு திடலை எட்டிப் பாருங்கள். ஒரே திடலில் மூன்று நான்கு கிரிக்கெட் ஆட்டங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நடக்கும். ஆடுவோர் அனைவரும் ஆண்பிள்ளைகள். நம் பெண்பிள்ளைகள் எங்கே? சிலர் தனிப்பயிற்சி வகுப்பில், சிலர் சமையலறையில், சிலர் அம்மாவின் கையைப் பிடித்தபடி திடலின் ஓரமாக நடந்து போகின்றனர்.

பத்து வயதுவரை இந்த வேறுபாடு இல்லை. தெருவில் அண்ணனோடும் தம்பியோடும் சேர்ந்து ஓடுகிறாள், பந்து எறிகிறாள், விழுந்து எழுகிறாள். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஒருநாள், “இனி என்ன பையன்களோடு ஆட்டம்?” என்று வீட்டில் யாரோ ஒருவர் சொல்கிறார். அந்த ஒரு சொல் போதும். மறுநாள் முதல் அவள் வாசற்படிக்கு உள்ளே. அவள் தம்பி வாசற்படிக்கு வெளியே. ஒரே கூரையின்கீழ் ஒருவனுக்கு நீண்ட பிள்ளைப்பருவம், ஒருத்திக்குக் குறுகிய பிள்ளைப்பருவம். இதை நாம் கொடுமை என்று எண்ணுவதில்லை. வழக்கம் என்று எண்ணுகிறோம்.

வழக்கத்தின் விலை என்ன? பதினோரு வயது முதல் பதினேழு வயதுவரை உள்ள பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி 146 நாடுகளிலிருந்து திரட்டிய விவரங்களை உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்டது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது உடலை அசைத்து ஆட வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் அறிவுரை. அவ்வளவுகூட ஆடாத சிறுவர் நூற்றுக்கு 78 பேர். சிறுமியர் நூற்றுக்கு 85 பேர். நம் நாட்டிலோ இன்னொரு குறையும் உண்டு. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, பதினைந்து முதல் பத்தொன்பது வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். நாளைய தாய்மார்களின் நிலை இது.

இதற்கு ஒரு வழி, சிறுமியர்க்கென்றே தனி நேரமும் தனித் திடலும் ஒதுக்குவதாகும். இவ்வழி நமக்குப் புதிதன்று. இத்தாலியில் மொர்னேசே என்னும் சிற்றூரில் மரிய மசரெல்லோ என்ற உழவர் குலப் பெண், ஊர்ச் சிறுமியரைக் கூட்டித் தையல் கற்பித்தார். ஓய்வு நாளில் அவர்களை ஆடவும் விட்டார். 1872இல் புனித தொன் போஸ்கோவுடன் இணைந்து அவர் நிறுவிய சபையே சலேசிய அருட்சகோதரியர் சபை. அச்சகோதரியர் 1922இல் தஞ்சைக்கு வந்து நம் நாட்டில் பணி தொடங்கினர். தையலும் செபமும் கற்பித்தவர், ஆட்டத்தை வீண் என்று தள்ளவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

தனி இடத்தால் வரும் நன்மையோடு, அதில் மறைந்திருக்கும் ஓர் ஆபத்தையும் அமெரிக்க நாட்டின் பேஸ்பால் ஆட்டம் நமக்குக் காட்டுகிறது. பேஸ்பால் நம் கிரிக்கெட்டுக்கு உறவுமுறையான ஆட்டம். அணிக்கு ஒன்பது பேர். சதுரத்தின் நான்கு மூலைகளில் நான்கு தளங்கள். பந்தை அடித்துவிட்டு அத்தளங்களைச் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டம். இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குச் சென்றபோது, 1943இல் பெண்களுக்கென்று தொழில்முறைப் பேஸ்பால் சங்கம் ஒன்று அங்கே தோன்றியது. 1954வரை அறுநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் ஆடினர். பின்னர் அது மறைந்தது. பெண்கள் ஆடியதையே அந்நாடு ஏறக்குறைய மறந்துவிட்டது.

1972இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹோபோக்கன் நகரில் மரிய பெப்பே என்ற சிறுமி, சிறுவர் அணியில் சேர்ந்து மூன்று ஆட்டங்களில் பந்து வீசினாள். ‘லிட்டில் லீக்’ என்னும் சிறுவர் பேஸ்பால் அமைப்பு, அவளை நீக்காவிடில் அந்நகர அணிகளின் அங்கீகாரத்தையே பறிப்போம் என்றது. அவள் விலக நேர்ந்தது. வழக்கு எழுந்தது. 1973இல் தீர்ப்பு சிறுமியர் பக்கம் வந்தது. 1974இல் லிட்டில் லீக் தன் விதியை மாற்றிச் சிறுமியரையும் சேர்த்துக்கொண்டது. அதற்குள் மரிய பெப்பேயின் வயது வரம்பைக் கடந்துவிட்டது. அவள் திறந்த கதவின் வழியே அவளால் நுழைய முடியவில்லை.

கதை அதோடு முடியவில்லை. அதே 1974இல் அவ்வமைப்பு சிறுமியர்க்கென்று சாஃப்ட்பால் பிரிவைத் தொடங்கிற்று. சாஃப்ட்பால் நல்ல ஆட்டமே. ஆயினும் பந்து பெரிது, திடல் சிறிது. பேஸ்பாலில் தளங்களுக்கிடையே தொண்ணூறு அடி என்றால், இதில் அறுபது அடி. ‘பெண்களுக்கு அது இருக்கிறதே, இது எதற்கு?’ என்ற பேச்சு எழுந்தது. பேஸ்பாலை விரும்பிய சிறுமியர் வளர வளர மெல்ல அப்பக்கம் ஒதுக்கப்பட்டனர். பெண் என்பதற்காகவே பதின்மூன்றாம் வயதில் தன் பயிற்சியாளரால் வேண்டாம் எனப்பட்டவர் ஜஸ்டின் சீகல். அவர் வளர்ந்த பின், சிறுமியர்க்கான பேஸ்பால் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். 2015இல் சிறுமியர் மட்டுமே ஆடும் தேசியப் போட்டியை அவ்வியக்கம் நடத்தியது. அணியில் தான் ஒருத்தி மட்டுமே பெண் என்று கூசி நின்ற சிறுமி, தன்னைப் போன்றோர் பலரை அங்கே கண்டாள்.

நம் நகரிலும் இதற்கு ஒப்பான செய்தி உண்டு. நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920இல் நிறுவியவர் அமெரிக்கரான ஹாரி க்ரோ பக். நம் பள்ளிகளில் பெண்பிள்ளைகள் ஆடும் எறிபந்துக்கு 1940ஆம் ஆண்டளவில் விதிகளை வகுத்தவர் அவரே. எறிபந்து எத்தனையோ பெண்பிள்ளைகளைத் திடலுக்குக் கொண்டுவந்தது. அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஒலிம்பிக் போட்டியிலோ ஆசிய விளையாட்டுப் போட்டியிலோ அதற்கு இடம் இல்லை. பள்ளியோடு வந்து, பெரும்பாலும் பள்ளியோடு முடிந்துபோகிறது.

இப்போது கண்ணகி நகரைப் பாருங்கள். நகரின் நடுவிலிருந்து பெயர்த்து அனுப்பப்பட்ட ஏழைக் குடும்பங்கள் 2000ஆம் ஆண்டையொட்டிக் குடியேற்றப்பட்ட பகுதி அது. அவ்விடத்துப் பெயரைச் சொன்னாலே முகம் சுளித்தவர்கள் உண்டு. அங்கே சிறுமியர்க்கென்று ஒரு கபடி அணி வளர்ந்தது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில், இந்தியப் பெண்கள் கபடி அணி இரானை 75–21 என்று வென்று தங்கம் பெற்றது. அவ்வணியின் துணைத் தலைவி கண்ணகி நகர்க் கார்த்திகா. தமிழக அரசு அவருக்கு 25 இலட்சம் ரூபாய் பரிசளித்தது. பணத்தைவிடப் பெரியது ஒன்று உண்டு: தன் ஊரின் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்லும் உரிமையை ஒரு சிறுமி அவ்வூரார் அனைவருக்கும் பெற்றுத் தந்தாள்.

இவற்றிலிருந்து நாம் கற்பது என்ன? சிறுமியர்க்குத் தனி இடம் வேண்டும். ஆனால் அவர்களுக்குச் சிறிய கனவைக் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. தனித் திடல் அவர்கள் அச்சமின்றிக் கால்வைக்கும் வாசலாக இருக்கட்டும். அந்த வாசலுக்கு அப்பால் வட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறிச் செல்லும் படிகள் இருக்கின்றனவா என்று பார்த்து ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்போம்.

நம் பங்கிலும் ஆலயத்தை ஒட்டிய திடலை வாரம் இரண்டு மாலை, சிறுமியர்க்கு மட்டும் என்று ஒதுக்கலாம். கபடிக்கு மண்ணும் கோடும் போதும். பேஸ்பாலிலும் எளிய வகை ஒன்று 2018 முதல் பரவி வருகிறது. அணிக்கு ஐந்து பேர். மட்டை இல்லை, கையுறை இல்லை. ஒரு ரப்பர் பந்தைக் கையாலேயே அடித்து ஓட வேண்டும். தளத்துக்குத் தளம் 13 மீட்டர். இதற்கு ஆகும் செலவு ஒரு பந்தின் விலைதான். இந்தியப் பெண்கள் அணி 2016இல் தென்கொரியாவில் நடந்த பேஸ்பால் உலகக் கோப்பையில் ஆடியிருக்கிறது என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஆட்டப் பொருள்களைவிட முக்கியமானவை சில உண்டு. முதலாவது, உள்ளே தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை. இது இல்லாத இடத்திற்குப் பருவம் எய்திய பெண் வரமாட்டாள். காரணத்தைச் சொல்லவும் மாட்டாள். இரண்டாவது, பயிற்சியளிக்க ஒரு பெண். அவர் கிடைக்காதபோது, யார் பயிற்சி அளித்தாலும் தாய்மார் இருவர் திடலில் உடன் இருத்தல். எந்தப் பிள்ளையும் பயிற்சியாளரோடு தனித்திருக்கலாகாது. மூன்றாவது, நல்ல விளக்கும் தவறாத நேரமும். நான்காவது, கோவில் திருவிழாவுக்கோ பையன்களின் போட்டிக்கோ திடல் தேவைப்பட்டால், சிறுமியரின் மாலையை முதலில் பறிக்காதிருத்தல். வழக்கமாக அதைத்தான் முதலில் பறிப்போம்!

“வெயிலில் கறுத்துவிடுவாளே” என்பீர்கள். வெளுத்த தோலைவிட வலுத்த எலும்பு அவளுக்கு நீண்ட நாள் உதவும். “மதிப்பெண் குறையுமே” என்பீர்கள். வாரத்தில் இரண்டு மாலை ஆடும் மகனைப் பற்றி இக்கேள்வியை நீங்கள் கேட்டதுண்டா? “நாலு பேர் என்ன சொல்வார்கள்?” என்பீர்கள். அந்த நாலு பேரில் ஒருவர் தம் மகளையும் அனுப்பினால் பேச்சு நின்றுவிடும். அந்த முதல் ஒருவர் நீங்களாக இருக்கலாகாதா?

திருத்தூதர் பவுல் விசுவாச வாழ்வை ஓட்டப் பந்தயத்திற்கு ஒப்பிட்டார் என்பதை நாம் மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஓடிப் பாராத ஒருத்திக்கு அவ்வுவமை எப்படி விளங்கும்? களைத்தபின்னும் இன்னும் பத்தடி ஓடுவது, தோற்றபின் எதிரணியின் கையைப் பற்றிக் குலுக்குவது, தன்னைவிடத் திறமை குறைந்தவளுக்கும் பந்தைக் கொடுப்பது — இவை மண்ணில் ஓடிக் கற்க வேண்டிய பாடங்கள்.

தந்தையரே, உங்களுக்கு ஒரு சொல். மகளை அனுப்பலாமா கூடாதா என்னும் தீர்ப்பு பல வீடுகளில் உங்கள் வாயிலிருந்துதான் வருகிறது. வரும் சனிக்கிழமை மாலை, உங்கள் மகளிடம் “நீ ஆட விரும்பும் ஆட்டம் எது?” என்று கேளுங்கள். அவள் சொல்லும் விடையைக் கேட்டுவிட்டு, அவளையும் அழைத்துக்கொண்டு திடலுக்கு வாருங்கள். மற்றவற்றை நாம் கூடிச் செய்வோம்.