பட்டியலைப் படித்தல்

"விளையாடுவதற்கென்று ஒரு கணிப்பொறியா?" என்று வினவாத பெரியவர்கள் நம் மஹல்லாக்களில் அரியர். உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே கணிப்பொறி பூட்ட வேண்டும் எனப் பிள்ளைகள் கேட்கும்போது ஒரு சாரார் உடனே மறுத்துவிடுகின்றனர். மற்றொரு சாரார் வளைகுடாவில் வெயிலில் நின்று ஈட்டிய பணத்தைக் கேட்ட அளவில் நீட்டிவிட்டுத் தம் கடமை முடிந்ததென்று இருந்துவிடுகின்றனர். இவ்விரண்டும் பிழை என்பது என் கருத்து. பிள்ளையோடு அமர்ந்து, அவன் கொண்டுவரும் விலைப்பட்டியலை வரிவரியாகப் படித்தலே முறை. தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எழுதியிருப்பதைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் காண்பதுதானே எம் தொழில்!

2024இல் என் தமக்கையின் மகன், பொறியியல் முதலாண்டு மாணவன், ஒரு கடையில் எழுதி வாங்கிய தாளுடன் வந்தான். "ஐ7 செயலி, 16 ஜிபி நினைவகம், 4 ஜிபி கிராபிக்ஸ் அட்டை, எல்லாம் முப்பத்தைந்தாயிரம்தான் மாமா. அத்தா அறுபதாயிரம் வரை தருகிறேன் என்றார். மீதியை உம்மாவிடம் கொடுத்துவிடலாம்" என்றான். அவன் நல்லெண்ணத்தில் குறையில்லை. குறை தாளில் இருந்தது. ஐ7 என்பது குடும்பப் பெயர் மட்டுமே. அதனை அடுத்து நிற்கும் எண்தான் ஆளைக் காட்டும். அத்தாளில் இருந்த 3770 என்னும் செயலி 2012இல் வெளிவந்தது. கிராபிக்ஸ் அட்டையோ ஜிடி 730. 2014இல் வந்த, அன்றைக்கே எளிய வகையைச் சேர்ந்த அட்டை. அதில் 4 ஜிபி நினைவகம் இருப்பது, சிறு அடுப்பின்மேல் பெரிய தேக்சாவை ஏற்றியது போன்றது. மேலும், அத்தலைமுறைச் செயலிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிந்துபோயிற்று. ஓராண்டிலேயே மூப்படையும் பொருளுக்கு முப்பத்தைந்தாயிரம் மலிவாகுமா?

எந்த விளையாட்டு, எந்தத் திரை என்னும் இரண்டு வினாக்களிலிருந்துதான் தெரிவு தொடங்க வேண்டும். வேலரன்ட் போன்ற ஆட்டங்களுக்கு எளிய பொறியே போதும். சைபர்பங்க் 2077 போன்றவை கிராபிக்ஸ் அட்டையை வாட்டி எடுப்பவை. 1920க்கு 1080 என்னும் திரையில் ஏறத்தாழ 20.7 இலட்சம் புள்ளிகள் உள்ளன. 4கே திரையில் அதைப்போல் நான்கு மடங்கு. அத்தனை புள்ளிகளையும் நொடிக்கு அறுபது முறை வரைந்து தருவது அட்டையின் பணி. ஆகவே சிறிய திரையோடு மனநிறைவு கொள்பவன் பெருந்தொகையை மிச்சப்படுத்துகிறான். கையிலுள்ளதில் மூன்றிலொரு பங்கை அட்டைக்கு ஒதுக்கவும் அவனால் இயலும்.

பல கடைகளில் விசாரித்துப் புதிய பட்டியல் எழுதினோம். ஆறு கருக்கள் கொண்ட ரைசன் 5 5600 செயலி. குளிர்விக்கும் விசிறி அதன் பெட்டியிலேயே வருவதால் தனிச் செலவில்லை. 8 ஜிபியும் 132 வாட் மின்தேவையும் உடைய ரேடியான் ஆர்எக்ஸ் 6600 அட்டை. நினைவகம் 16 ஜிபி. ஒரே பலகையாக அன்றி எட்டும் எட்டுமாக இரண்டு. இரண்டாக இருந்தால் செயலிக்கு இரு வழிகளில் தரவு வரும், வேகம் கூடும். எஸ்எஸ்டி 500 ஜிபி போதும் என்றேன், பின்னர் கூட்டிக்கொள்ளலாம்.

சச்சரவு எழுந்தது எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கியில்தான். வண்ண விளக்கு விசிறிகள் நான்கும் கண்ணாடிப் பெட்டியும் வேண்டும் என்றான். அதற்கான பணத்தைப் பெயர் தெரியாத ஒரு மலிவு மின்வழங்கியை வாங்கி ஈடுகட்டலாம் என்றான். நான் இசையவில்லை. ஏனைய எல்லா உறுப்புகளுக்கும் உணவூட்டுவது அது ஒன்றே. தரமற்றது பழுதாகும்போது தான் மட்டும் போவதில்லை. அருகிலிருப்பவற்றையும் உடன் அழைத்துச் செல்லக்கூடும். நம் ஊர்களில் மின்னழுத்தம் ஏறி இறங்கும் விதம் யாவரும் அறிந்ததே. வெண்கலத் தரச்சான்று பெற்றது பாதிச் சுமையில் குறைந்தது 85 விழுக்காடு திறனுடன் இயங்க வேண்டும். அச்சான்று திறனுக்கு உரியதே அன்றி உறுதிக்கு அன்று. ஆதலால் உத்தரவாத ஆண்டுகளையும் பார்த்து 550 வாட்டில் ஒன்றை எடுத்தோம். விளக்கு விசிறிகள் நின்றுபோயின. இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை.

"பில் வேண்டாமென்றால் வரி மிச்சம்" என்று ஒரு கடையில் கூறினர். 18 விழுக்காடு சிறு தொகையன்று. ஆயினும் பில் இன்றேல் உத்தரவாதமும் இல்லை. பொதுமக்களுக்குச் சேர வேண்டியதை நாம் எடுத்துக்கொண்டோம் என்பதும் அதில் உண்டு. வட்டியில்லாத் தவணை என்பதிலும் கண் வேண்டும். பல திட்டங்களில் வங்கி வட்டி போடுகிறது. விற்பவர் அதைத் தள்ளுபடியாகக் கழிக்கிறார். வட்டியின் மீதான வரியை நாம் செலுத்துகிறோம். வட்டியை விலக்கி வாழ விழையும் குடும்பங்கள் இதனைக் கேட்டறிதல் நன்று.

கூடத்தில் விரிப்பை அகற்றிவிட்டுப் பூட்டினோம். நான் கையேட்டைப் படிக்க, அவன் திருகினான். விசை போட்டதும் விசிறிகள் சுழன்றன. திரையோ இருண்டு கிடந்தது. அரைமணி நேரம் வீடே துக்கம் காத்தது. "ரெடிமேடாகவே வாங்கியிருக்கலாம்" என்று தமக்கை முணுமுணுத்தார். பத்தாம் வகுப்புப் படிக்கும் அவன் தங்கைதான் பின்புறம் எட்டிப் பார்த்து, திரையின் கம்பி தாய்ப்பலகையில் செருகப்பட்டிருப்பதைக் கண்டாள். 5600இல் வரைகலைப் பகுதி இல்லை. 5600ஜி எனில் உண்டு. கம்பியை அட்டைக்கு மாற்றியதும் திரை ஒளிர்ந்தது. நன்னூலார் நாற்பத்திரண்டு ஓரெழுத்தொருமொழிகளைக் கணக்கிட்டார். செயலிகளின் வால் எழுத்துகளும் அவ்வகையினவே. பணம் குறைந்தோர் அந்த 'ஜி' வகையை வாங்கி, அட்டையின்றியே எளிய ஆட்டங்களைத் தொடங்கி, பின்னர் அட்டை சேர்க்கலாம்.

எங்கள் பட்டியலை அப்படியே படியெடுக்க வேண்டா. 2021இல் மறையீட்டு நாணயம் தோண்டுவோர் அட்டைகளை அள்ளிச் சென்று விலையை ஏற்றினர். 2025இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் நினைவகத்தின் விலை கடுமையாக உயர்ந்தது. வாங்கும் வாரத்து விலையே கணக்கு.

இரவு முழுதும் விளையாடுவானே என்னும் பெற்றோரின் அச்சத்துக்கு என்னிடம் மருந்தில்லை. பொறி கூடத்திலேயே இருக்கட்டும் என்றேன், இருக்கிறது.

அண்மையில் அவன் தன் வகுப்புத் தோழனை ஒரு பட்டியலுடன் அழைத்து வந்தான். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள், "இதில் எஸ்எம்பிஎஸ் எந்தக் கம்பெனி என்றே எழுதவில்லை மாமா" என்று சொல்லி, தோழனைக் கடைக்கே திருப்பி அனுப்பிவிட்டான்.