சாதகம் செய்யாத பிள்ளை

“வீட்டில் சாதகம் செய்வதே இல்லை, ஐயா!” தனிவகுப்பு நடத்தும் இசையாசிரியர்கள் இவ்வாறு குறைகூறக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. லாபிஸ் போன்ற சிற்றூரில், வாரத்திற்கு ஒரு மணி நேரப் பாடத்திற்காகப் பெற்றோர் வருந்தியும் பணம் கட்டுகின்றனர். எஞ்சிய ஆறு நாளும் பிள்ளை வாய் திறப்பதில்லை. பிள்ளை சோம்பேறி, கைப்பேசி கெடுத்துவிட்டது என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். இத்தீர்ப்பை நான் ஏற்பதற்கில்லை.

சாதகம் இன்னதென்று அப்பிள்ளைக்குக் காட்டியவர் யார்? குருகுலத்தில் மாணவன் ஆசிரியர் வீட்டிலேயே வாழ்ந்தான். விடியுமுன் அவர் அகாரம் பாடுவதைக் கேட்டான். பிழைத்த இடத்தை அவரே பலமுறை பாடித் திருத்திக்கொள்வதையும் கேட்டான். இன்றைய பிள்ளை கேட்பதெல்லாம் ஆசிரியரின் பழுத்த பாட்டு ஒன்றையே. “இருபது தடவை பாடி வா” என்பது கட்டளையேயன்றிப் பாடம் அன்று. வகுப்பில் செய்துகாட்டாத ஒன்றை வீட்டுப்பாடமாகக் கொடுத்தால், பயிற்சிக் கல்லூரியில் எங்கள் விரிவுரையாளர்கள் எங்களைச் சும்மா விட்டதில்லை.

புரந்தரதாசர் வகுத்தனவாகப் போற்றப்படும் சரளி வரிசைகளை நோக்குக. மாயாமாளவகௌளை இராகம், ஆதி தாளம். முதற்காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு சுரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. தாளம் தவறினால் பிறர் சொல்ல வேண்டியதில்லை. பாடுபவன் கையே சொல்லிவிடும். நேற்றுத் தவறியது இன்று நின்றதெனத் தானே அறியும் பிள்ளைக்கு வேறு ஊக்கம் எதற்கு?

நாமோ பரிசுக் கிண்ணத்தைக் காட்டுகிறோம். போட்டிக்கு ஒரு பதிகம், ஆண்டு விழாவுக்கு ஒரு கீர்த்தனை! தேவாரப் போட்டியில் பரிசு பெற்ற என் மாணவி ஒருத்தியைச் சரளி வரிசையை இரண்டாம் காலத்தில் பாடச் சொன்னேன். நான்காம் எண்ணிக்கையில் கை நின்றுவிட்டது. “அதெல்லாம் அப்போதே முடிந்துவிட்டது, ஐயா” என்றாள். முடித்துவைத்தவர் அவளல்லர்.

“பெற்றோர் பாட்டுத்தானே கேட்கிறார்கள்” என்பாரும் உளர். கேட்கட்டும், அவர்களையும் வகுப்பில் ஒருநாள் உட்கார வையுங்கள். ஒரு மணியில் பாதியைச் சாதகத்திற்கே ஒதுக்குங்கள். நீங்களும் பிள்ளையுடன் தாளமிட்டுப் பாடுங்கள். உங்கள் தவற்றையும் அது கேட்கட்டும். அடுத்த வாரம் அது வந்ததும், “பாடினாயா?” என்று கேளாமல், “எந்த இடத்தில் தாளம் தவறியது?” என்று கேட்டுப் பாருங்கள்.