குளவி மீது ஏன் பழி?

கத்தரிக்குக் குளவி அட்டை கட்டியும் புழு குறையவில்லை, ஆகவே இது ஏமாற்று என்கிறார்கள். அந்த அட்டையிலுள்ள டிரைக்கோகிரம்மா என்ற குளவி தாக்குவது அந்துப்பூச்சியின் முட்டையை. புழு காய்க்குள் புகுந்தபின் கட்டினால் அது என்ன செய்யும்? அந்துப்பூச்சி முட்டையிடும் நாட்களிலேயே கட்ட வேண்டும். கட்டிய கையோடு மருந்தும் அடித்தால் முதலில் சாவது குளவிதான்.

மருந்து மட்டுமே போதும் என்பவர்கள் பப்பாளி மாவுப்பூச்சியை மறந்துவிட்டார்கள். 2008இல் கோவையில் தென்பட்டு மரவள்ளி, மல்பெரி, கத்தரி என்று பரவியது. உடலை மூடிய மெழுகுப்பூச்சு அதைக் காத்தது. மாற்றி மாற்றி அடித்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அசெரோபேகஸ் பப்பாயே என்ற கடுகளவுகூட இல்லாத குளவிதான் அடக்கியது.

குறை சொல்வதென்றால், எப்போது கட்டுவதென்று சொல்லாமல் அட்டையை விற்றவரைச் சொல்லுங்கள்.