மீண்டவர் துணை நிற்கும்போது: போதை மீட்பு, மனநலச் சேவைகளில் பட்டறிவுப் பணியாளர்கள்

மதுப்பழக்கத்திற்காகவோ மனநலப் பாதிப்பிற்காகவோ உங்கள் குடும்பத்தினர் ஒருவரைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்கிறீர்கள். மருத்துவரும் செவிலியரும் அல்லாத ஒருவர் அருகில் வந்து அமர்ந்து, “நானும் இதே நோயால் துன்புற்று மீண்டவன்தான்” என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளக்கூடும். சிலருக்கு அச்சொல் அன்றுவரை எவரிடமும் கிடைக்காத ஆறுதலைத் தரும். வேறு சிலருக்கோ, “படித்த மருத்துவர் இருக்கும்போது இவர் எதற்கு?” என்ற ஐயம் எழும். இரண்டுமே நியாயமான உணர்வுகள். அவர் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதை நீங்கள் அறிந்திருப்பது இன்று மிகவும் அவசியம். ஏனெனில் “மீண்டவர்கள் நடத்தும் மையம்” என்ற ஒரே தகுதியைக் காட்டி, பதிவும் மருத்துவரும் இன்றி நோயாளரைச் சேர்த்துக்கொள்ளும் இடங்களும் உள்ளன.

மருத்துவர் படித்து அறிந்ததை நோயாளர் பட்டு அறிகிறார். நோயையும் சிகிச்சையையும் மீட்சியையும் அவ்வாறு அறிந்த ஒருவர், அந்த அறிவையே தகுதியாகக் கொண்டு ஒரு சேவை நிலையத்தில் பணியாற்றும்போது அவரைப் பட்டறிவுப் பணியாளர் எனலாம். மருத்துவமனைகளில் இப்பணி பெரும்பாலும் ‘பியர் சப்போர்ட்’ என்ற ஆங்கிலப் பெயராலேயே வழங்குகிறது. பெயரில் ஒரு குழப்பம் நேர இடமுண்டு. போதைப்பொருள் தேவைக் குறைப்புக்கான தேசியச் செயல்திட்டத்தின் கீழ், இளம் வயதினரிடையே இளைஞர்களைக் கொண்டே விழிப்புணர்வு ஏற்படுத்தும் மையங்கள் இயங்குகின்றன. அங்கு ‘சக’ என்பது ஒத்த வயதினர் என்ற பொருளில் வருகிறது. அவர்கள் போதையிலிருந்து மீண்டவர்களாக இருக்கவேண்டும் என்பதில்லை.

இந்த ஏற்பாடு புதியதன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் மனநோயாளர் பிரிவை மேற்பார்வையிட்ட ழான் பாப்திஸ்த் புஸ்ஸேன், கண்டமாலை நோய்க்காக அங்கேயே நோயாளராகச் சேர்ந்திருந்தவர். நோயாளரை அடிப்பதைத் தடுத்த அவர், குணமடைந்தவர்களையே பணியாளராகச் சேர்த்துக்கொண்டார். 1793இல் அங்கு மருத்துவராகப் பொறுப்பேற்ற ஃபிலிப் பினெல், அவரிடமிருந்து கற்றதை வெளிப்படையாக எழுதியும் வைத்தார். மதுப்பழக்கத்தைப் பொறுத்தவரை 1935ஆம் ஆண்டு முக்கியமானது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் பங்குத் தரகர் ஒருவரும் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவரும் தொடங்கியதே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம். இருவரும் குடிநோயாளர்கள். மருத்துவப் பட்டம் அந்த மருத்துவரைக் குடியிலிருந்து காக்கவில்லை என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

நம் நாட்டில் இப்பணியின் தேவையை இரண்டு கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. 2015–16ஆம் ஆண்டுகளின் தேசிய மனநல ஆய்வின்படி, மனநலக் குறைபாடுகளின் வகைக்கேற்ப நூற்றுக்கு 70 முதல் 92 பேர்வரை சிகிச்சை பெறாமல் இருந்தனர். 2019இல் வெளியான போதைப் பொருள் பயன்பாடு குறித்த தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானோரில் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். மருத்துவர் பற்றாக்குறை இதற்கு ஒரு காரணம்தான். மருத்துவமனையின் வாயில்வரை வந்து, தெரிந்தவர் எவரேனும் பார்த்துவிடுவரோ என்று திரும்பிச் செல்பவர்களும் உள்ளனர். அவர்களிடம் முதலில் பேசத் தகுந்தவர், அதே வாயிலில் ஒருகாலத்தில் தயங்கி நின்றவரே.

அவர் உண்மையில் செய்வது என்ன?

உள்நோயாளராகச் சேரும் முதல் இரவு எப்படியிருக்கும் என்பதை மருத்துவர் அறிகுறிகளின் பட்டியலாகச் சொல்வார். உறக்கம் வராது, ஆனால் மூன்று நான்கு நாள்களில் தணியும் என்று தம் கதையாகச் சொல்ல மீண்டவரால் முடியும். வீடு திரும்பிய பின்னரே உண்மையான சோதனை தொடங்குகிறது. வேலை முடிந்து வரும் வழியில் மதுக்கடை இருக்கிறது. சம்பள நாளன்று நண்பர்கள் காத்திருக்கிறார்கள். உறவினர் வீட்டுத் திருமணத்திலோ துக்க வீட்டிலோ ஒருவர் கண்ணாடிக் குவளையை நீட்டி, “இன்று ஒருநாள்தானே” என்கிறார். அந்த நொடியில் என்ன சொல்லி விலகுவது, எந்தத் தெரு வழியாக வீட்டுக்குச் செல்வது, சம்பளத்தை யாரிடம் கொடுத்து வைப்பது போன்ற நுணுக்கங்கள் மருத்துவப் பாடநூல்களில் விரிவாக இல்லை. அவற்றைக் கற்பிப்பவர் பட்டறிவுப் பணியாளர்.

மனநலப் பாதிப்புக்கும் இது பொருந்தும். மாத்திரையால் உடல் எடை கூடுகிறது, பகலில் தூக்கம் வருகிறது என்பதை மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டுத் தாமாகவே மருந்தை நிறுத்தும் நோயாளர் பலர். “எனக்கும் அப்படி இருந்தது, மருத்துவரிடம் சொன்னேன், அளவை மாற்றினார்” என்று ஒருவர் கூறினால் நோயாளர் வாய் திறக்கிறார். பராமரிப்பாளருக்கும் இத்தகைய துணை வேண்டும். மதுப்பழக்கமுள்ளோரின் குடும்பத்தினருக்கென அல்-அனான் என்ற தனிக் குழுக்கள் உள்ளன. கணவர் குடிப்பதற்குத் தாமே காரணம் என்று பல ஆண்டுகள் எண்ணியிருந்த பெண்மணிக்கு, அதே எண்ணத்திலிருந்து விடுபட்ட மற்றொரு பெண்மணி சொல்லும் ஒரு சொல் பெரிய விடுதலையாகலாம்.

இதனால் பலன் உண்டா என்றால், உண்டு. ஆனால் அற்புதம் எதுவும் இல்லை. 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கிய 2020ஆம் ஆண்டின் கொக்ரேன் மறுஆய்வு, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களில் நோயாளரை முறைப்படி இணைக்கும் சிகிச்சையால் ஓராண்டின் முடிவில் 42 விழுக்காட்டினர் மதுவை முற்றிலும் விலக்கியிருந்தனர் என்றும், பிற சிகிச்சைகளில் இது 35 விழுக்காடு என்றும் கண்டது. இங்கிலாந்தில் மனநல நெருக்கடிச் சேவையிலிருந்து விடுவிக்கப்பட்ட 441 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2018இல் லான்செட் இதழில் வெளியாயிற்று. இரு குழுவினருக்கும் ஒரே மீட்சிக் கையேடு தரப்பட்டது. ஒரு குழுவினர் மட்டும் பட்டறிவுப் பணியாளரை 10 முறைவரை சந்திக்க முடிந்தது. ஓராண்டுக்குள் மீண்டும் நெருக்கடிச் சிகிச்சை தேவைப்பட்டோர் அந்தக் குழுவில் 29 விழுக்காடு. மற்றதில் 38 விழுக்காடு. அப்பணியாளர்கள் பயிற்சியும் மேற்பார்வையும் பெற்றவர்கள் என்பதைச் சேர்த்தே இந்த எண்களைப் படிக்கவேண்டும். நம் நாட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் குவாலிட்டிரைட்ஸ் திட்டம் குஜராத்தின் அரசு மனநல நிலையங்களில் நடைபெற்றபோது, சக ஆதரவுப் பணி அதன் ஒரு கூறாக அமைந்தது.

எங்கே எல்லை வகுக்கவேண்டும்?

நாள்தோறும் அதிகமாகக் குடித்துவந்த ஒருவர் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் இடம், காலம் மறந்து பிதற்றும் நிலை ஏற்படலாம். அது உயிரைப் பறிக்கக்கூடியது. இதைத் தடுக்க மருந்துகள் உள்ளன. தயமின் என்னும் வைட்டமின் ஊசியும் உரிய நேரத்தில் தேவைப்படும். “நான் மருந்தில்லாமலே விட்டேன், இவராலும் முடியும்” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் உடலில் நேராத வலிப்பு உங்கள் கணவருக்கோ மகனுக்கோ நேரலாம். மதுவை நிறுத்தும் முதல் வாரம் மருத்துவரின் பொறுப்பில் இருக்கவேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

ஓபியாய்டு வகைப் போதைக்கு அடிமையானோருக்கு மருத்துவர் தரும் புப்ரெனார்ஃபின் போன்ற மருந்தை “இதுவும் போதைதானே” என்று நிறுத்தச் சொல்வதும் ஆபத்தானது. இடைவெளிக்குப் பின் பழைய அளவில் மீண்டும் போதைப்பொருளை எடுத்தால் உடல் தாங்காது. மூச்சு நின்று உயிரிழக்க நேரும். மனநல மருந்துகளுக்கும் இதே விதிதான்: மருந்தைத் தொடங்குவதும் மாற்றுவதும் நிறுத்துவதும் மருத்துவர் பணி. பொடியோ மாத்திரையோ கொடுத்து, “சாம்பாரில் கலந்து தெரியாமல் கொடுங்கள்” என்று எவரேனும் சொன்னால், அவர் மீண்டவரே ஆயினும் வாங்காதீர்கள். டைசல்பிரம் மாத்திரையை அறியாமல் உட்கொண்டவர் மது அருந்தினால் இரத்த அழுத்தம் வெகுவாகக் குறைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

சட்டமும் இவ்விடத்தில் தெளிவாகவே பேசுகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டால் வரும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறையில் சேர்க்கிறது. அத்தகையோரைச் சேர்த்துச் சிகிச்சை அளிக்கும் நிலையம் பதிவு பெற்றிருக்கவேண்டும். பதிவின்றி நடத்துவோருக்கு முதன்முறை 5,000 முதல் 50,000 ரூபாய்வரை அபராதம் உண்டு. எவரையும் எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கக்கூடாது, கட்டாயமாக மொட்டையடிக்கக்கூடாது. “அடித்தால்தான் திருந்துவான், நானும் அடிபட்டுத்தான் திருந்தினேன்” என்பதைச் சில மையங்களில் இன்றும் ஒரு சிகிச்சைமுறைபோலச் சொல்கிறார்கள். அது கொடுமை, அனுபவத்தின் பெயரால் அது சிகிச்சையாகிவிடாது.

அதே சட்டத்தில் அதிகம் பேசப்படாத மற்றொரு பிரிவு உண்டு. சிகிச்சை பெறுபவரை நிலையத்தில் வேலை செய்யக் கட்டாயப்படுத்தக்கூடாது. விரும்பிச் செய்தால் உரிய ஊதியம் தரவேண்டும். சிகிச்சை முடிந்த சில வாரங்களிலேயே ஒருவரை “தொண்டர்” என்று பெயரிட்டு, இரவுக் காவலுக்கும் சமையலுக்கும் புதிய நோயாளரைக் கட்டுப்படுத்தவும் ஊதியமின்றிப் பயன்படுத்துவது பட்டறிவுப் பணி ஆகாது. அது மலிவான ஆள்சேர்ப்பு. பட்டறிவைத் தகுதி என்று ஒப்புக்கொண்டால், அதற்குரிய பணிவிவரமும் பயிற்சியும் மேற்பார்வையும் மாதச் சம்பளமும் தரவேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. தாமே இன்னும் மருத்துவரைச் சந்திக்கவேண்டிய நிலையில் உள்ள ஒருவர்மீது பிறர் சுமையை ஏற்றினால் இருவருமே வீழ்வர்.

பட்டறிவுப் பணியாளர் மீண்டும் குடித்துவிட்டால் என்ன செய்வது என்று பராமரிப்பாளர்கள் கேட்பதுண்டு. மறுவீழ்ச்சி இந்நோயின் இயல்புகளில் ஒன்று; அவருக்கு விடுப்பும் சிகிச்சையும் கிடைக்கவேண்டும். அவரை மட்டுமே நம்பியிருந்த நோயாளர் தவித்துப்போகாமல் இருக்க, ஒவ்வொரு நோயாளருக்கும் குழுவில் வேறொருவரும் பொறுப்பாக இருப்பது நலம். உங்களுக்குத் துணையாக இருந்தவர் விலக நேர்ந்தால், “நம் ஆளும் இனித் தேறமாட்டார்” என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

சட்டம் இவர்களுக்கு நிருவாகத்திலும் இடமளித்துள்ளது. மாநில மனநல ஆணையத்தில் மனநோய் உள்ளவர்கள் அல்லது இருந்தவர்களின் சார்பில் இருவரும், பராமரிப்பாளர் சார்பில் இருவரும் உறுப்பினராக இருக்கவேண்டும். மாவட்ட நீதிபதி நிலையிலானவர் தலைமை ஏற்கும் மனநல மறுஆய்வு வாரியத்திலும், மனநோய் உள்ளவர்கள், பராமரிப்பாளர்கள் அல்லது அவர்களுக்கான அமைப்பினரிலிருந்து இருவருக்கு இடமுண்டு. இது சலுகையன்று. ஒரு மையத்தில் கதவு வெளியிலிருந்து பூட்டப்படுவது என்ன உணர்வைத் தரும் என்பதை அந்த மேசையில் சொல்ல வேறு எவராலும் இயலாது.

ஒரு மையத்தில் சேர்க்கும் முன் அங்குள்ளவர்களிடம் நேராகக் கேளுங்கள். பதிவுச் சான்று எங்கே? மருத்துவர் எத்தனை நாள்களுக்கு ஒருமுறை வருகிறார்? இரவில் வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வீர்கள்? நோயாளருடன் குடும்பத்தினர் பேசலாமா, எப்போது? மீண்டவர் என்று அறிமுகமானவருக்கு என்ன பயிற்சி, யார் மேற்பார்வை? நல்ல நிலையத்தினர் இக்கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார்கள். நோயாளர் அவரிடம் சொன்னவை வெளியே போகக்கூடாது. நோய் பற்றிய தகவல்களின் இரகசியம் சட்டத்தால் காக்கப்பட்டது. அதேபோல் அவர் தம் வாழ்வைப் பற்றிச் சொன்னதை நீங்களும் ஊரில் பேசவேண்டாம். ஒருவரோடு மனம் ஒன்றவில்லை எனில் வேறொருவரைக் கேட்கலாம். எவருமே வேண்டாம் என்றாலும் சிகிச்சை குறையாது.

உரிமை மீறப்பட்டதாகக் கருதினால், நோயாளரோ அவருடைய நியமனப் பிரதிநிதியோ மனநல மறுஆய்வு வாரியத்தில் முறையிடலாம். இலவச சட்ட உதவியும் பெறலாம். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416, போதை மீட்புக்கு தேசிய உதவி எண் 14446. மது நிறுத்திய ஒருவருக்கு வலிப்போ பிதற்றலோ கண்டால் ஆலோசனைக்காகக் காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள்.