ஊர்காவற்றுறையில் ஒரு நாள்

கல்லூரிச் சுற்றுலா என்றதும் நம் மாணவர் உள்ளம் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் பறந்துவிடுகின்றது. அவ்வூர்களைக் காண்பது நன்றே. ஆயினும், திருநெல்வேலியிலிருந்து காலையிற் புறப்பட்டு மாலையில் மீளத்தக்க பழந்துறையொன்று நம் வாயிலில் இருக்க, அதனைக் காணாமலே நம் பிள்ளைகள் கல்லூரி வாழ்வை முடிப்பது முறையாகுமா? பிறரைக் குறை கூறுமுன் நம் குறையை ஒப்புக்கொள்வோம். இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் நாமும் அண்மையிலேதான் மாணவர் சிலரை அங்கு அழைத்துச் சென்றோம்.

பண்ணைப் பாலத்தையும் வேலணையையும் கடந்து, குறிகட்டுவானிற் படகேறி, முதலில் நயினாதீவை அடைந்தோம். நாகபூஷணி அம்மனை வணங்கியபின், அக்கோயிலிலுள்ள கல்வெட்டின் வாசகத்தை மாணவருக்குப் படித்துக் காட்டினோம். 12 ஆம் நூற்றாண்டிலே பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னன் தமிழிலே பொறிப்பித்த ஆணை அது. கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963 இல் வெளியிட்டார். அதிற் காணப்படும் ஊராத்துறை என்பதே இன்றைய ஊர்காவற்றுறை.

பரதேசிகள் ஊராத்துறைக்கு வந்து தங்கவேண்டும், அவர்கள் காக்கப்படவேண்டும் என்கின்றது அவ்வாணை. அரசனுக்கு யானை குதிரைகளைக் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால், நாலில் ஒரு பங்கே பண்டாரத்துக்கு உரியது. மூன்று பங்கு உடையவனுக்கே. வாணிக மரக்கலமாயின் சரிபாதி அவனுக்கு.

அப்போது மாணவன் ஒருவன் சிரித்துவிட்டான். “ஐயா, அரசன் பரதேசி என்று ஏசுகிறானா?” என்று கேட்டான். அவன்மீது பிழையில்லை. பிறநாட்டான் என்னும் பொருளுடைய அச்சொல்லை வசைச்சொல்லாக்கி அவன் காதில் விழச்செய்தவர் நாமல்லவா? அரசன் வரவேற்றுக் காப்பளித்த விருந்தினனை நாம் வாயிலில் நின்று விரட்டப்படுபவனாக்கிவிட்டோம்.

கரையொதுங்கிய கலத்தின் பொருளைக் கரைக்குரியவன் முற்றாகக் கவர்ந்துகொள்வது அக்காலத்திற் பல துறைகளில் வழக்கமாயிருந்தது. ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் அவ்வழக்கை ஒழித்து, காகதீய மன்னன் கணபதிதேவன் அபய சாசனம் அளித்தது 1244 ஆம் ஆண்டளவில். அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே நம் துறையில், முழுமையாக அன்றேனும், துன்புற்ற அந்நியனுக்கு உரிமை வரையறுக்கப்பட்டது.

பிற்பகலில் ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்றோம். எதிரே காரைநகர், நடுவே போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் கைப்பற்றிய கடற்கோட்டை. ஒல்லாந்தர் காலத்தில் இத்துறையிலிருந்து யானைகள் கப்பலேறின. இன்று வள்ளங்களே அசைகின்றன. நீராவிக் கப்பல்களும், 1875 இல் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பெற்ற கொழும்புத் துறைமுகமும் பாய்க்கப்பல் வாணிகத்தை நலிவித்தன. 1990 ஆம், 1991 ஆம் ஆண்டுகளின் போர் தீவகத்து மக்களை ஊர்பெயர்த்தது. கூரையிழந்த வீடுகளை வழியிற் கண்ட மாணவர் பேச்சடங்கினர். அவ்வீடுகளுக்குரியோர் இன்று எந்தத் துறையில், எவர் காவலில் வாழ்கின்றனரோ என எண்ணினோம்.

இதுவே நாம் சொல்ல விழைவது. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் கனடாவிலும் இலண்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பரதேசிகளாய்ச் சென்று இறங்கியவர்கள். அங்கே வந்து தங்குக, காக்கப்படுக என்று ஒரு சட்டம் சொன்னமையாலன்றோ அவர்கள் வாழ்வு தழைத்தது? அவர்தம் ஊரிலுள்ள பிள்ளைகள், அத்தகைய சொல் தம் தாய்மொழியிலேயே கல்லிற் பொறிக்கப்பட்டிருப்பதை அறியாதிருத்தல் தகாது.

பரீட்சைக்கு இது வருமா எனப் பெற்றோர் கேட்பர். வராதிருக்கலாம். ஆனால் நாளை நம் ஊருக்கு வேற்றூரான் ஒருவன், வேற்றுமொழியான் ஒருவன் வந்து நிற்கும்போது, அவனை எச்சொல்லால் அழைப்பது என்னும் பரீட்சை வந்தே தீரும். ஆண்டுதோறும் மேல்வகுப்பு மாணவர் கல்வெட்டின் படியொன்றைக் கையிலேந்தி ஊர்காவற்றுறைக்குச் செல்லக் கல்லூரி ஒழுங்கு செய்வதாக. ஒரு பேருந்தும், படகுக் கட்டணமும், கட்டுச்சோறும் போதும். பழைய மாணவர் மனம்வைத்தால் அச்செலவு பெரிதன்று.

மீளும் வழியில் அம்மாணவன் நம் அருகில் வந்தமர்ந்தான். “இனி அந்தச் சொல்லை ஏசப் பயன்படுத்தமாட்டேன், ஐயா” என்றான். அன்றைய பாடம் அவ்வளவே.