வேர்வீக்க நோய்: ஓராண்டுக் குத்தகை தடையாகலாமா?

நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் முட்டைக்கோஸ், காலிபிளவர் பயிரிடும் விவசாயிகளுக்கு வேர்வீக்க நோய் ஒரு சவால். ‘கிளப் ரூட்’ எனப்படும் இந்நோய் தாக்கிய செடி நண்பகலில் வாடி, மாலையில் நிமிரும். பிடுங்கிப் பார்த்தால் வேர்கள் தடித்து, உருண்டு திரண்டிருக்கும். அதன்பின் எந்த மருந்தும் அச்செடியைக் காப்பாற்றாது.

நோய்க்குக் காரணமான நுண்ணுயிரியின் உறக்கநிலை வித்துகள் மண்ணில் 15 ஆண்டுகளுக்கு மேலும் உயிருடன் இருக்கக்கூடியவை. இடைவெளி விட்டால் எண்ணிக்கை குறையும். கடுகுக் குடும்பப் பயிரை மீண்டும் நட்டால் பெருகிவிடும். முட்டைக்கோஸுக்குப் பிறகு முள்ளங்கி, நூல்கோல் போடுவது பயிர்ச் சுழற்சி ஆகாது. அவையும் அதே குடும்பம்தான். கேரட், பீன்ஸ், பூண்டு என மாற்றி, குறைந்தது 3 ஆண்டுகள் இடைவெளி விட வேண்டும். கடுகுக் குடும்பக் களைகளையும் அகற்ற வேண்டும்.

இந்நோய்க்கு ஏற்றது அமில மண். கார அமில நிலையை 7.2 அளவுக்கு உயர்த்தினால் தாக்குதல் வெகுவாகக் குறையும். 2015 முதல் வழங்கப்படும் மண்வள அட்டையில் இந்த அளவு இருக்கிறது. அதற்கேற்ப வேளாண் சுண்ணாம்பை, நடவுக்குச் சில வாரங்கள் முன்பே மண்ணில் நன்கு கலக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: சுண்ணாம்பு இட்ட உடனே உருளைக்கிழங்கு நட்டால் சொறி நோய் அதிகமாகும். எனவே முட்டைக்கோஸுக்கு முன் சுண்ணாம்பு இட்டு, உருளைக்கிழங்கைச் சுழற்சியின் கடைசியில் வைப்பது நல்லது.

சிக்கல் இங்குதான். அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்று தெரியாத குத்தகைதாரர் சுண்ணாம்புக்குச் செலவிடத் தயங்குவார். விலை கிடைக்கும் பயிரையே மீண்டும் நடுவார். நோயோ நில உரிமையாளரின் மண்ணில் தங்கிவிடும். 3 ஆண்டுக் குத்தகையும், சுண்ணாம்புச் செலவில் பங்கும் இருவருக்குமே லாபம்.

எதிர்ப்புத்திறன் ரகம் மட்டும் போதாது என்பதற்கு கனடா சான்று. அல்பர்ட்டா மாகாணத்தில் 2003-ல் கனோலா பயிரில் இந்நோய் கண்டறியப்பட்டது. எதிர்ப்புத்திறன் ரகங்கள் வந்த சில ஆண்டுகளிலேயே, 2013-ல் அவற்றையும் தாக்கும் புதிய நோய்வகை தென்பட்டது.

நாற்று, களைக்கொத்து, காலணி, பவர் டில்லர் ஆகியவற்றில் ஒட்டிய மண்ணே நோயைப் பரப்புகிறது. நோய் கண்ட வயலில் நாற்றங்கால் போடாமல், குழித்தட்டில் தென்னை நார்க்கழிவில் வளர்த்த நாற்றையே நடுங்கள். கருவிகளைக் கழுவிய பிறகே அடுத்த வயலில் இறக்குங்கள். வீங்கிய வேர்களை எருக்குழியில் போடாதீர்கள்.