ஊர் பார்த்தது கூலியில் சேராது

‘உங்களுக்கென்னப்பா, ஊர் சுத்துறதுக்குச் சம்பளம் குடுக்குறாங்க!’ பயண நிகழ்ச்சிக் குழுவில் வேலை செய்பவர் யாரும் இந்தப் பேச்சுக்குத் தப்பியதில்லை. கல்யாண வீட்டிலும் கேட்பார்கள், கடன் கேட்டுப் போன வங்கியிலும் கேட்பார்கள். ஆசைப்பட்டுச் சொல்பவர்மேல் கோபமில்லை. ஆனால் சம்பளம் பேச உட்காரும்போது தயாரிப்பாளரும் இதையே சொல்வார்: ‘தொகை முன்னப்பின்ன இருக்கும்தான். ஆனா காசு குடுத்தாலும் பார்க்க முடியாத இடமெல்லாம் பார்க்கப் போறீங்களே!’ அடுத்து கை பேட்டாவுக்குப் போகும். ஊர் பார்ப்பதும் கூலியில் ஒரு பங்கு என்பது பொய். அதுவும் லாபத்துக்காகவே உயிரோடு வைத்திருக்கிற பொய்.

இந்தப் பொய் பிறக்கும் இடம் திரை. முதுகுப்பையோடு ஒருவர் தன்னந்தனியாக மலைக் கிராமத்துக்கு வருகிறார். ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார். கதவு திறக்கிறது. வீட்டுக்கார அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து வந்தவரின் சிரித்த முகத்தைப் பார்க்கிறோம். அப்படியென்றால் அவருக்கு முன்பே கேமரா வீட்டுக்குள் போயாகிவிட்டது. உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் முன்கூட்டியே வந்து பேசி, படிவத்தில் கையெழுத்தும் வாங்கியிருப்பார். தட்டுகிற கை ஒரு முறை, திறக்கிற கதவு ஒரு முறை, தெருவிலிருந்து ஒரு முறை என்று அந்த ‘முதல் சந்திப்பு’ பல தடவை நடந்திருக்கும். இந்தப் பாடெல்லாம் தெரியாமல் வெட்டி ஒட்டுவதுதான் எடிட்டரின் திறமை. அவர் எவ்வளவு கெட்டிக்காரரோ, குழு அவ்வளவுக்குச் சும்மா இருந்ததாகத் தோன்றும்.

சாப்பாட்டுக் காட்சிதான் பார்ப்பவர்களுக்கு அதிகம் நாக்கு ஊற வைப்பது. சின்ன உணவகம், ஆவி பறக்கும் தட்டு. ஒலிப்பதிவாளர் முதலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்வார், பிறகு குளிர்பதனப் பெட்டியை. பெட்டியை நிறுத்தியவர் தன் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே போட்டுவைப்பார். வேலை முடிந்து கிளம்பும்போது சாவியைத் தேடினால்தான் பெட்டியை மறுபடி ஓடவிட வேண்டும் என்ற நினைப்பு வரும். இல்லாவிட்டால் கடைக்காரரின் மீனும் பாலும் வீண். இது தொழிலில் பழைய தந்திரம். தொகுப்பாளர் ஒரு வாய் எடுத்து வைத்துக் கண்ணை மூடி ரசிப்பார். அதே வாய் பக்கவாட்டில் ஒரு முறை, விரலை மட்டும் நெருக்கத்தில் ஒரு முறை. கடைசியாக எல்லாரும் மூச்சை அடக்கி நிற்க, அரை நிமிடம் அறையின் வெறும் சத்தம் மட்டும் பதிவாகும். அதற்குள் தட்டு ஆறிப்போயிருக்கும். குழுவுக்கு மதியச் சாப்பாடு அடுத்த லொகேஷனுக்குப் போகிற வண்டியில், மடியில் பொட்டலமாக.

வண்டியிலும் விமானத்திலும் போவது ஓய்வுதானே என்பார்கள். கேமராவின் உதிரி பேட்டரிகளைப் பெட்டியில் போட்டு அனுப்ப விமானத்தில் அனுமதி கிடையாது; கையிலேயே கொண்டுபோக வேண்டும். 100 வாட்-ஹவரைத் தாண்டினால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், 160ஐத் தாண்டினால் பயணி கையில் கொண்டுபோகவே முடியாது. வெளிநாடு என்றால் கார்னே என்ற சுங்க ஆவணமும் சேரும். லென்ஸிலிருந்து மைக் வரை ஒவ்வொன்றும் வரிசை எண்ணோடு அதில் இருக்கும். திரும்பும்போது ஒன்று குறைந்தாலும் வரி கட்டச் சொல்வார்கள். விடுதிக்கு வந்த பிறகு, அன்று எடுத்ததையெல்லாம் இரண்டு டிரைவில் நகலெடுத்துச் சரிபார்த்து, ஆளுக்கொன்றாகப் பிரித்து வைத்தால்தான் படுக்கை. விடியலின் வெளிச்சம் வேண்டுமென்றால் இருட்டிலேயே எழுந்து மலையேற வேண்டும். இத்தனை வேலை இருந்தும் ‘பயண நாள்’ என்று ஒன்றைத் தனியே ஒதுக்கி அதற்குப் பாதிச் சம்பளம் போடுபவர்கள் இருக்கிறார்கள்.

ஆபத்து வந்தால் சுற்றுலாக்காரருக்கும் குழுவுக்கும் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். 2006 ஜூலையில் பயண நிகழ்ச்சித் தொகுப்பாளர் அந்தோனி போர்டெய்ன் தன் குழுவோடு சமையலைப் படமெடுக்க பெய்ரூட் போனார். இஸ்ரேலுக்கும் ஹிஸ்புல்லாவுக்கும் போர் மூண்டது, விமான நிலையத்தில் குண்டு விழுந்தது. வெளியேற வழியில்லாமல் விடுதியில் அடைந்து கிடந்தார்கள். கடைசியில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்தான் அவர்களை மீட்டது. அந்த நாட்களிலும் கேமரா ஓடியது. அதில் உருவான நிகழ்ச்சி எம்மி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. நினைவில் நிற்பது போர்டெய்னின் முகம். அந்த முகத்தைப் பதிவு செய்தவரும் அதே விடுதியில்தான் மாட்டியிருந்தார்.

‘என்ன இருந்தாலும் அந்த இடத்தையெல்லாம் பார்த்தீர்களே!’ உண்மை, பார்த்தோம். கூட்டம் வருவதற்கு முன் கோயில் பிரகாரத்தில் நிற்பதும், யாரோ ஒரு பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு கதை சொல்வதும் எங்களுக்கும் கிடைத்த பாக்கியம். மறுக்கவில்லை. ஆனால் கல்யாண வீட்டுச் சமையல்காரருக்கும் பாயசம் கிடைக்கும். அதற்காக அவர் கூலியில் கழிப்பதுண்டா? தொழிலில் கிடைக்கும் சந்தோஷம் தொழிலாளியுடையது. முதலாளி அதற்குத் தள்ளுபடி கேட்க முடியாது. மருத்துவருக்கு உயிர் காப்பதிலும் ஆசிரியருக்குக் கற்பிப்பதிலும் மகிழ்ச்சி உண்டு என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைத்தால் ஊர் சிரிக்கும்.

குழுவைக் காட்டினால் மாயம் கலைந்துவிடும் என்பது இன்னொரு வாதம். 1989இல் பிபிசியில் வந்த மைக்கேல் பேலினின் எண்பது நாள் உலகப் பயணத் தொடர் அதற்குப் பதில். ஜூல் வெர்ன் நாவலில் பிலியாஸ் ஃபாக்கோடு போகிற வேலையாளின் பெயரைத் தன் படப்பிடிப்புக் குழுவுக்கு வைத்து, கூட வருகிறார்கள் என்று வாய்விட்டுச் சொன்னார் பேலின். துபாயிலிருந்து மும்பைக்கு மரக்கலத்தில் வந்தபோது அவர் படுத்தது மேல்தளத்தில் என்றால், படம் எடுத்தவர்களுக்கு மட்டும் மெத்தை ஏது? இதையெல்லாம் தெரிந்துகொண்டும் பார்வையாளர்கள் தொடரைக் கொண்டாடினார்கள். அதன் பின் அவர் பல பயணத் தொடர்கள் செய்தார்.

நேரமும் உழைப்பும் எவ்வளவு என்பதை மறைக்காதவர்களும் உண்டு. ஐரோப்பாவைச் சுற்றிக்காட்டும் ரிக் ஸ்டீவ்ஸ், அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்றுக்கு ஆறு நாள் படப்பிடிப்பு என்று கணக்குச் சொல்கிறார். அதுவும் எழுத்துப் பிரதியை முன்பே தயார் செய்துகொண்டு போய். பட்ஜெட் சுருங்கும்போது ஊர்களின் எண்ணிக்கை குறைவதில்லை, நாட்கள்தான் குறைகின்றன. அந்த நாட்களை ஈடுகட்டுவது குழுவின் தூக்கம். தூங்காத ஓட்டுநர் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறார் என்பதையும் யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை.

கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. பயண நாளும் வேலை நாளே, முழுச் சம்பளம் வேண்டும். ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்குவதற்குள் தூங்க நேரம் வேண்டும். ஆளுக்கும் கருவிக்கும் காப்பீடு வேண்டும். முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியல் படிக்கிற வேகத்தில் ஓட வேண்டும். இவற்றைத் தராமல் ‘ஊர் பார்த்தீர்களே’ என்று கழிக்க நினைக்கும் தயாரிப்பாளர்களும் லொகேஷனுக்கு வந்து அதே ஊரைப் பார்ப்பவர்கள்தான். அந்தக் கழிவை முதலில் அவர்கள் தங்கள் பங்கில் போட்டுக் காட்டட்டும்.